கருவி வந்தது, கணிதம் வந்ததா?

(பெற்றோரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடிய வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சட்டத்தைத் தொழிலாகவும் அரசியலைத் தொண்டாகவும் கொண்ட நாம் கணிதம் கற்பிப்பதைப் பற்றிப் பேச வந்திருப்பது கண்டு ஆசிரியர் சிலர் தமக்குள் நகைக்கக்கூடும். கல்லூரி நாட்களிற் கணிதத்தில் நாம் பெற்ற புள்ளிகளை இம்மன்றில் வெளியிடுமாறு எவரும் ஆணை கோரமாட்டீர்கள் என்ற நம்பிக்கையுடனேயே மேடை ஏறியிருக்கிறோம். பாடத்தைக் கற்பிக்கும் வித்தை ஆசிரியருக்குரியது. ஆனால் அந்த வித்தைக்கு வேண்டிய ஆளும் கருவியும் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வி நீதியைச் சார்ந்தது. அதைக் கேட்பதற்கு எமக்கு உரிமையுண்டு. உங்கள் எல்லோருக்கும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு பாடசாலைக்குச் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம், ஒரு பெயரைச் சொன்னால் ஏனைய பாடசாலைகள் தப்பிவிடும். அங்கே கணனி அறை பூட்டிக் கிடந்தது. சாவி உப அதிபரிடம் இருந்தது. உப அதிபர் வலயக் கல்விப் பணிமனைக்குச் சென்றிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்து அறையைத் திறந்து பார்த்தோம். சுவரில் வெள்ளை வெளேரென்று ஒரு திறன் பலகை. அதன் மேலே, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்களின் பெயர்கள் பொன்னெழுத்திற் பொறித்த பலகை. கணனிகளைப் போர்த்திய துணிகளின்மேல் பல்லி எச்சம். இந்தத் திறன் பலகையில் கடைசியாகக் கணிதம் கற்பித்தது எப்போது என்று கேட்டோம். திறப்பு விழாவன்று என்றார்கள். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. அதுவரை வேறொரு பாடத்தின் ஆசிரியர் தம்மால் இயன்றவரை பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குக் கணிதத்தையும் பார்த்துக்கொள்கிறார். அந்த ஆசிரியரை நாம் குறை கூறோம். அவர் இல்லாவிட்டால் அவ்வகுப்பில் எவருமே இல்லை.

கணிதத்தில் ஒரு பிள்ளை தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உளர். இந்நாட்டின் விதி அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடங்களிற் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தி வேண்டும். அந்த ஆறனுள் தாய்மொழியும் கணிதமும் இருத்தல் வேண்டும். உயர்தர வகுப்புக்குச் செல்லும் பொதுவழி இதுவே. 2017 ஆம் ஆண்டில் தொடங்கிய பதின்மூன்று வருடக் கல்வித் திட்டம் தொழிற்றுறைக்கென ஒரு பக்கக் கதவைத் திறந்தது, அதை வரவேற்கிறோம். ஆயினும் வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் மாத்திரமன்றி, வரலாறு படிக்க விரும்பும் பிள்ளைக்கும், தமிழ் படிக்க விரும்பும் பிள்ளைக்குங்கூட முன்வாசலில் நிற்கும் காவலாளி கணிதமே. அக்காவலாளி யாரை மறிக்கிறான் என்று பாருங்கள். நகரத்தில் மாலைதோறும் தனியார் கல்வி நிலையத்துக்குப் போகும் பிள்ளையை அவன் பெரும்பாலும் மறிப்பதில்லை. வயலோரத்துப் பாடசாலைப் பிள்ளையையும் தோட்டத்து லயத்துப் பிள்ளையையுமே மறிக்கிறான்.

ஆகவே கருவி வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்துவது வீண். பின்தங்கி நிற்கும் பிள்ளையைக் கருவி கைதூக்கிவிடுகிறதா என்பதே வழக்கு.

கருவி என்றதும் கணனியும் கைத்தொலைபேசியுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகள் பரீட்சை மண்டபத்திற் புரட்டும் மடக்கை அட்டவணையும் ஒரு கருவியே. ஸ்கொத்லாந்துக்காரரான யோன் நேப்பியர் 1614 ஆம் ஆண்டில் மடக்கையை உலகுக்கு வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிய அக்கண்டுபிடிப்பு வானியலாளரின் உழைப்பைப் பாதியாக்கிற்று. சட்டைப் பையில் அடங்கும் விஞ்ஞானக் கணிப்பான் 1972 இல் சந்தைக்கு வந்ததும், உலகெங்கும் பொறியியலாளர் தம் வழுக்கிச் சட்டங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். எமது பாடநூலும் விஞ்ஞானக் கணிப்பானை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்கிறது. ஆனால் சாதாரண தரக் கணிதப் பரீட்சை மண்டபத்துக்குள் அதற்கு இடமில்லை, அங்கே அட்டவணைதான். பாடநூல் ஒரு கையால் கொடுப்பதைப் பரீட்சை மறு கையால் பறிக்கிறது. பரீட்சையில் வராததை எந்த ஆசிரியர் கற்பிப்பார்? எந்த மாணவன் கற்பான்?

கணிப்பானை அனுமதித்தால் பிள்ளைகள் வாய்பாட்டை மறந்துவிடுவர் என்ற அச்சம் நியாயமானதே. பன்னிரண்டும் எட்டும் பெருக்கத் தெரியாத பிள்ளையின் கையில் கணிப்பானைக் கொடுப்பது, நீந்தத் தெரியாதவனுக்குத் தோணியைக் கொடுத்து நடுக்கடலில் விடுவதற்கு ஒப்பாகும். இதற்கு இங்கிலாந்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2017 முதல் அங்கே பதினாறு வயது மாணவர் எழுதும் கணிதப் பரீட்சையில் மூன்று வினாத்தாள்கள். முதலாவதற்குக் கணிப்பான் கூடாது, ஏனைய இரண்டுக்கும் கூடும். எமது சாதாரண தரக் கணிதமும் இரண்டு வினாத்தாள்களைக் கொண்டது. முதலாவது வெறுங்கையால் எழுதப்படட்டும். இரண்டாவதில் கணிப்பான் அனுமதிக்கப்படட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. 1980 முதல் பாடநூலை இலவசமாகக் கொடுத்துவரும் அரசு கணிப்பானையும் அவ்வாறே கொடுத்தல் வேண்டும். கருவியைக் கொடாமல் விதியை மாத்திரம் மாற்றினால், இன்றைக்குச் சமமாக இருக்கும் ஓர் இடத்திலும் பணம் நுழைந்துவிடும்.

இனி, திரை செய்யக்கூடிய நன்மை ஒன்றை விரித்துச் சொல்ல விரும்புகிறோம். கமக்காரச் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வரம்போரமாக வெங்காயத்துக்குப் பாத்தி அடைக்கிறீர்கள். மாடு வராமல் மூன்று பக்கம் வேலி போட வேண்டும். நாலாவது பக்கம் மதில். கையில் அறுபது மீற்றர் முட்கம்பி இருக்கிறது. எப்படி அடைத்தால் நிலம் அதிகம் கிடைக்கும்? பத்து மீற்றர் அகலம் வைத்தால் நீளம் நாற்பது. பரப்பளவு நானூறு சதுர மீற்றர். இருபது மீற்றர் அகலம் வைத்தால் நீளமும் இருபது; மறுபடியும் நானூறு. பதினைந்து வைத்துப் பாருங்கள். நீளம் முப்பது, பரப்பளவு நானூற்றைம்பது. ஒரு சதங்கூடச் செலவில்லாமல் ஐம்பது சதுர மீற்றர் மண் கூடுதலாகக் கிடைக்கிறது. இதைத்தான் பதினோராம் வகுப்பில் இருபடிச் சார்பின் வரைபு என்று படிப்பிக்கிறார்கள். அந்தப் பரவளைவின் திரும்பற் புள்ளி உங்கள் வெங்காயப் பாத்தியிலேயே இருக்கிறது.

நாற்பது நிமிடப் பாடவேளையில் இது வகுப்பில் எப்படி நடக்கிறது? பெறுமான அட்டவணை எழுதி, ஏழு புள்ளிகளைக் கணித்து, வரைபுத்தாளில் அச்சு வரைந்து, புள்ளிகளைக் குறித்து, வளைகோட்டை இழுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பிள்ளை ஒரு பரவளைவை வரைந்துவிட்டது. ஆனால் அது ஏன் வளைகிறது, கம்பியின் நீளம் மாறினால் உச்சி எங்கே நகரும் என்று கேட்க நேரமில்லை. திரையிலோ, எண்ணை விரலால் நகர்த்த நகர்த்த வளைகோடும் நகர்கிறது. குணகத்தின் குறியை மாற்றினால் கிண்ணம் கவிழ்கிறது. ஐந்து நிமிடத்தில் ஐம்பது வரைபுகளைப் பிள்ளை பார்த்துவிடும். மிஞ்சிய முப்பத்தைந்து நிமிடமும் ஏன் என்ற கேள்விக்கு உரியதாகும். ஒஸ்திரியா நாட்டின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழக மாணவராயிருந்த மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பார் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள் இதற்கென்றே ஆனது. பாடசாலைகள் அதற்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை கணனியில் இறக்கிவிட்டால் இணையமும் வேண்டியதில்லை.

ஆனால் கையால் ஒரு வரைபையாவது வரையாத பிள்ளைக்குத் திரையில் ஓடும் ஐம்பதும் வாணவேடிக்கையே. முதலாவதைக் கை வரையட்டும். ஏனையவற்றைத் திரை காட்டட்டும். கேத்திரகணிதத்திலும் அப்படியே. வட்ட நாற்பக்கலின் எதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகை இரு செங்கோணம். திரையில் உச்சியை எங்கே இழுத்துச் சென்றாலும் நூற்றெண்பது பாகை மாறாது நிற்பதைக் கண்டு பிள்ளை வியக்கும். அதன்பின் நிறுவல் எதற்கு என்றும் கேட்கும். இந்த இடத்தில் வழக்கறிஞராகிய எமக்குச் சிறிது பேச உரிமையுண்டு. நூறு சாட்சிகள் ஒரே வாக்கைச் சொன்னாலும் நீதிபதி தம் தீர்ப்பிற் காரணம் எழுதியாக வேண்டும். திரை சாட்சி சொல்லும், காரணம் சொல்லாது. காரணத்தைக் கேட்டு வாங்குவதற்கு வகுப்பில் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும்.

வெறும் கருவி என்ன செய்யும் என்பதற்கு உலகமே சாட்சி. தென்னமெரிக்காவின் பெரு நாடு, பிள்ளைக்கொரு மடிக்கணனி என்று நாட்டுப்புறத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு அள்ளி வழங்கிற்று. 319 பாடசாலைகளை எடுத்து, கணனி பெற்றவற்றையும் பெறாதவற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் 2012 இல் முடிவை வெளியிட்டனர். பதினைந்து மாதங்களின் பின்பும் கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளி உயர்ந்ததற்கு அடையாளமே இல்லை. செல்வந்த நாடுகளின் கதையும் வேறன்று. பாடசாலைக் கணனிகளுக்குப் பெரும்பணம் கொட்டிய நாடுகள் கணிதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லையென்று பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2015 இல் அறிக்கையிட்டது.

அப்படியானால் கணனியைக் கடலில் எறிந்துவிடலாமா? டெல்லியில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே அரசாங்கப் பாடசாலைகளில் நடுத்தர வகுப்புகளிற் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் சிலருக்குச் சீட்டுக் குலுக்கி, பாடசாலை முடிந்த பின் ஒரு நிலையத்தில் இலவசமாகப் படிக்க இடம் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம். பாதி நேரம் கணனியோடு. மறுபாதி, பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள் கொண்ட குழுவாக ஓர் உதவியாசிரியரோடு. கணனி முதலிற் செய்த வேலை என்ன? ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த வகுப்பில் நிற்கிறது என்று கண்டுபிடித்தது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் சராசரியாக நாலரை வகுப்புப் பின்தங்கி நின்றார்கள். அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கொடாமல், அவர்கள் வழி தவறிய இடத்திலிருந்தே கணக்குத் தொடங்கிற்று. நாலரை மாதத்தில், சீட்டு விழாத பிள்ளைகளைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட முன்னேற்றத்தைச் சீட்டு விழுந்தவர்கள் கணிதத்தில் அடைந்தார்கள். 2019 இல் இந்த ஆய்வு வெளிவந்தது. முரளிதரன் என்ற தமிழ்ப் பெயரும் ஆய்வாளர் வரிசையில் இருப்பதில் எமக்கு ஒரு சிறு பெருமை.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. அதை மறைத்தால் கட்சிக்காரருக்காகச் சாட்சியத்தை ஒளித்த குற்றம் எமக்கு வரும். அந்தப் பிள்ளைகளின் பாடசாலைக் கணிதப் பரீட்சைப் புள்ளி உயரவில்லை. ஏன்? பிள்ளை ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு ஏறிவிட்டது. பரீட்சையோ ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றது. நம் நாட்டில் பதினோராம் வகுப்பின் கடைசி மூன்று மாதங்களில் அவசரக் கருத்தரங்கு நடத்தும் அன்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பின்னம் விளங்காத பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டை எந்தத் திரையில் காட்டினாலும் ஏறாது. ஆறாம் வகுப்புக்கு வரும் அன்றே ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தூக்குவதற்குக் கணனியை வையுங்கள். பூட்டிய அறையில் இருப்பவை அதற்குப் போதும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் தமிழ்க் கணிதப் பாடங்கள் மலிந்து கிடக்கின்றன என்கிறார்கள், உண்மை. அவற்றுட் பல தமிழ்நாட்டிலிருந்து வருபவை, நல்லவை. ஆனால் அவர்கள் முக்கோணம் என்பதை எமது பாடநூல் முக்கோணி என்கிறது. அவர்களின் சாய்வு எமக்குப் படித்திறன். அவர்களின் வட்ட நாற்கரம் எமக்கு வட்ட நாற்பக்கல். கற்றவருக்கு இது சிறு வேறுபாடு. ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்கு இது இரண்டாவது மதில். எமது பாடத்திட்டத்துக்கு எமது கலைச்சொல்லில், எமது ஆசிரியர் குரலிற் பாடங்கள் வேண்டும். வட்டுக்கோட்டை செமினரியிற் கற்ற கறோல் விசுவநாதபிள்ளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதி, ‘வீசகணிதம்’ என்று நூலாக்கித் தந்தார். அவருக்கு முன்மாதிரியும் இல்லை, கலைச்சொல் அகராதியும் இல்லை. கையில் கணனியும் ஒலிவாங்கியும் வைத்துக்கொண்டு நாம் முடியாது என்று சொன்னால் எவர் ஏற்பார்?

இதிற் சட்டமும் எமக்குத் துணை நிற்கிறது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, எல்லா மட்டத்திலும் சமமாகக் கல்வி பெறும் உரிமையை அரசின் நோக்கமாக எழுதி வைத்திருக்கிறது. அழகான வாசகம். ஆனால் 29 ஆம் உறுப்புரை, அதைக் கொண்டு நீதிமன்று ஏற முடியாது என்கிறது. 21 ஆம் உறுப்புரை அப்படியன்று. தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி கற்க ஒருவருக்கு உரித்துண்டு என்பது மொழியுரிமை. அது மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றுக்கு மனுச் செய்யலாம். அரசு தன் செலவில் ஆக்கும் கணனிப் பாடம் சிங்களத்தில் முந்தியும் தமிழில் ஆண்டுகள் பிந்தியும் வருமாயின், இந்த உறுப்புரை அதற்கும் பொருந்தும் என்று வாதிட இடமுண்டு என்பது எமது கருத்து. அந்த வாதத்தை எந்த மன்றிலும் எடுத்துரைக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

2020 மார்ச்சில் நோய்க்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாடம் கைத்தொலைபேசிக்கு வந்தது. வீட்டில் ஒரு தொலைபேசி. படிக்கும் பிள்ளைகள் மூவர். அதையும் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார். அலைவரிசைக்காகப் பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்றார்கள். 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போயிற்று. அன்று எந்தத் திறன் பலகையும் திறன் காட்டவில்லை. கரும்பலகையும் வெண்கட்டியுமே வகுப்பை நடத்தின. எனவே கருவி வாங்குவோர் மின்கலத்தையும், இணையம் இன்றி ஓடும் பாடங்களையும், பழுது பார்க்க ஆளையும் சேர்த்தே வாங்க வேண்டும். வெளிநாட்டு அன்பர்களிடமும் நாம் கேட்பது இதுவே. பெரிய கல்லூரிக்கு மூன்றாவது திறன் பலகை வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பாடசாலைக்கு மாலைநேரக் கணித ஆசிரியர் ஒருவரின் வேதனத்தை ஓராண்டுக்குக் கொடுங்கள். பெயர்ப் பலகை வேண்டுமானால் அவர் வகுப்பெடுக்கும் அறையின் வாசலில் மாட்டிவிடுகிறோம்.

இறுதியாக, செய்யவேண்டிய காரியம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம்; கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் முடிவு கூறியாக வேண்டும். எங்கள் கோட்டத்துப் பாடசாலைகளுக்கு அனுமதிக்கப்பட்ட கணித ஆசிரியர் எத்தனை பேர்? கடமையில் இருப்போர் எத்தனை பேர்? அவர்களுட் கணிதத்துக்கெனப் பயிற்றப்பட்டோர் எத்தனை பேர்? பாடசாலைகளிலுள்ள கணனிகள் எத்தனை, இயங்குபவை எத்தனை, சென்ற தவணையில் கணித பாடத்துக்கு அவை எத்தனை மணித்தியாலம் பயன்பட்டன? இந்த ஆறு கேள்விகளையும் எழுதி விண்ணப்பமாக்கி, பிரதிகளை வாசிகசாலை மேசையில் வைத்திருக்கிறோம். பெயரும் விலாசமும் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். கையொப்பமிடத் தயங்கும் பெற்றோருக்கு வாசித்து விளக்க இரண்டு இளைஞர்கள் மேசையருகே நிற்கிறார்கள். நாளை மறுதினம் வலயக் கல்விப் பணிமனைக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவோம். பதில் வந்ததும் இதே மண்டபத்தில், இதே ஆசிரியர்கள் முன்னிலையில் அதை வாசிப்போம்.